கேள்வி – பதில்: அக்கம்பக்கத்துக்கு ஒரு நாள்

வாசகி, கும்பகோணம்: அமெரிக்காவில் வசிக்கும் என் மகளின் வீட்டுக்குச் செப்டம்பர் 28 அன்று எதிர்வீட்டு அம்மாள் தாமே சுட்ட கேக்கைக் கொண்டுவந்து கொடுத்து, "இன்று நல்ல அண்டை வீட்டார் நாள்" என்றாராம். இது அரசு அறிவித்த நாளா? விடுமுறை உண்டா?

பதில்: விடுமுறை கிடையாது, ஆனால் அரசின் அங்கீகாரம் உண்டு. மொன்டானா மாநிலத்து லேக்சைட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த பெக்கி மேட்சன் என்ற பெண்மணி 1970-களின் தொடக்கத்தில் இந்த எண்ணத்தை முன்வைத்தார். 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர், செப்டம்பர் மாதத்தின் நான்காம் ஞாயிறாகிய 24-ஆம் தேதியை 'தேசிய நல்ல அண்டை வீட்டார் நாள்' என்று பிரகடனம் செய்தார். 2003-இல் மொன்டானா செனட்டர் மேக்ஸ் பாக்கஸ் கொண்டுவந்த தீர்மானத்தைச் செனட் சபை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு நான்காம் ஞாயிறு 28-ஆம் தேதியில் வந்தது; பிறகு கிழமை போய்த் தேதி மட்டும் நிலைத்துவிட்டது. செனட்டின் தீர்மானம் சட்டம் ஆகாது என்பதால், இந்த நாளில் அலுவலகங்கள் மூடப்படுவதில்லை. ஆயினும், ஒரு சிற்றூர்ப் பெண்மணியின் விருப்பம் அதிபரின் கையொப்பம் வரை சென்றதை நான் மதிப்போடு பார்க்கிறேன்.

வாசகர், ஈரோடு: பக்கத்து வீட்டாரோடு பழகுவதற்கு அரசு நாள் குறிக்க வேண்டுமா? இது வெறும் சடங்கு அல்லவா?

பதில்: இந்த நாள்கள் பிறந்த கதையை அறியும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஒரு மூதாட்டி தம் வீட்டுக்குள்ளேயே இறந்து, இரண்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தார். இதை அறிந்து மனம் பதைத்த ஆண்ட்ரூ ஹெஸ்லாப், 'தி ஏஜ்' நாளிதழின் ஆசிரியருக்கு ஒரு வாசகராகக் கடிதம் எழுதினார். 2003 மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று அங்கே 'அண்டை வீட்டார் நாள்' தொடங்கியது. பாரிஸ் நகரின் 17-ஆம் வட்டாரத்திலும் இப்படித்தான் ஒரு மூதாட்டி இறந்து பல மாதங்கள் கழித்தே கண்டெடுக்கப்பட்டார். அந்த வேதனையிலிருந்து அதனாஸ் பெரிஃபான் 1999-இல் தொடங்கிய அண்டை வீட்டார் விழாவில், மே மாத மாலையொன்றில் கட்டடத்தின் முற்றத்தில் மேசை போட்டு, ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து உண்கிறார்கள். ஆண்டு முழுவதும் மின்தூக்கியில் தலைகுனிந்து நின்றவருக்கு, கையில் ஒரு தட்டோடு அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட அன்று ஒரு காரணம் கிடைக்கிறது. கூச்சமுள்ளவர்களுக்கு அந்தக் காரணம் மிகவும் வேண்டியிருக்கிறது.

ஆயினும் அரசு, நாள் குறிப்பதோடு நின்றுவிடக் கூடாது என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. 2003 ஆகஸ்டு வெப்ப அலையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். மறு ஆண்டே அந்நாட்டு அரசு 'ஒருமைப்பாட்டு நாள்' என ஒன்றைச் சட்டமாக்கியது. ஊழியர்கள் ஆண்டில் ஒரு நாள் கூடுதல் ஊதியமின்றி உழைக்க, நிறுவனங்கள் தம் ஊதியச் செலவில் 0.3 விழுக்காட்டை முதியோர், மாற்றுத்திறனாளிகளின் பராமரிப்புக்குச் செலுத்துகின்றன. அங்கீகாரம் என்ற சொல்லுக்கு இதைவிடக் கனமான பொருளை நான் கண்டதில்லை.

வாசகி, சென்னை: 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தளம் மூழ்கியபோது, இரண்டாம் மாடியில் ஒரே அடுப்பில் பதினோரு பேருக்கு உலை வைத்தோம். தண்ணீர் வடிந்ததும் கதவுகள் மறுபடி மூடிக்கொண்டன. நாங்களே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். கனடாவின் கால்கரி நகரம் இதைத்தான் செய்தது. 2013 ஜூன் வெள்ளத்தில் பல்லாயிரம் பேர் வீடுகளைவிட்டு வெளியேறியபோது ஒருவருக்கொருவர் செய்த உதவியை மறக்கவிடாமல், மறு ஆண்டிலிருந்து ஜூன் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையை அந்நகரம் 'அண்டை வீட்டார் நாள்' ஆக்கிக்கொண்டது. நீங்களும் டிசம்பரில் ஒரு ஞாயிறைத் தேர்ந்துகொண்டு, அன்று உலை வைத்த அதே அடுப்பில் சமையுங்கள்; அந்தப் பதினொருவரில் வீடு மாறிப் போனவர்களையும் அழையுங்கள்.