தூள் டப்பாவை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார். கைப்பேசியை ஒளித்து வைக்கலாமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் இருந்து எழுதுகிறேன் டாக்டர். என் வீட்டுக்காரருக்கு வயது 48. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டு வந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் கைப்பேசியில் ஒரு விளம்பர வீடியோ பார்த்தார். '90 நாளில் சர்க்கரைக்கு முற்றுப்புள்ளி' என்று வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் பேசுகிறார். அன்றிலிருந்து கைப்பேசியைத் திறந்தாலே அதே மாதிரி வீடியோக்கள்தான் வருகின்றன. மூன்று டப்பா தூளை 7,800 ரூபாய்க்கு வாங்கிவிட்டார். மாத்திரையை நிறுத்தி 24 நாள் ஆகிறது. கேட்டால், 'இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுத்துவிடும், மருந்துக் கம்பெனிக்காரன் நம்மைக் குணமாக விடமாட்டான்' என்கிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனும் இரவு ஒரு மணி வரை கைப்பேசியோடு கிடக்கிறான். கைப்பேசிகளை வாங்கி ஒளித்து வைத்துவிடலாமா? சண்டை இல்லாமல் அவரை மறுபடி மாத்திரை சாப்பிட வைப்பது எப்படி?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. தூளை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். 'தூளும் சாப்பிடட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும்' என்ற சமரசத்துக்கு மட்டும் போய்விடாதீர்கள். இப்படி விற்கப்படும் சில தூள்களைப் பரிசோதனைக் கூடத்தில் பிரித்துப் பார்த்தபோது, சர்க்கரையை இறக்கும் கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கில மருந்தே கலந்திருந்தது தெரிய வந்திருக்கிறது. அதற்கு மேல் மாத்திரையும் உள்ளே போனால், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். உடம்பு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் அது சர்க்கரை இறங்குவதன் அடையாளம். நினைவு இருக்கும்போதே நான்கு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

நாளைக்கே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தாலோ, தாகம் அடங்காமல் வாந்தி, மூச்சு வாங்குதல், அசதி இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

இனி அந்த டப்பா. பாளையங்கோட்டையில் இருபத்தாறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிறேன். கடந்த சில ஆண்டுகளில் என் மேசைக்கு வந்த தூள் டப்பாக்களை எண்ணி முடியாது. போன மாதம் வந்த ஒன்றைச் சொல்கிறேன். பச்சை நிறம், முன்பக்கம் பாகற்காய்ப் படம், சிறுகுறிஞ்சான் இலை. கொண்டு வந்தவருக்கு வெள்ளெழுத்து. பின்பக்கத்தை அவர் படிக்கவே இல்லை. நான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக் காட்டினேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தில், 'உணவுத் துணைப்பொருள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண். அதாவது சட்டப்படி அது சத்துமாவுக்குப் பக்கத்து அலமாரியில் இருக்க வேண்டிய பொருள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று டப்பாவில் ஓர் இடத்திலும் இல்லை. அந்த வாக்குறுதி முழுவதும் வீடியோவில்தான் இருக்கிறது. வீடியோ நாளைக்கு அழிந்துவிடும். டப்பா மட்டும் வீட்டில் மிஞ்சும். உங்கள் வீட்டு டப்பாவையும் வெயிலில் வைத்து, மகனை விட்டே அந்தப் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பத்து நாள் வாதாடுவதைவிட அது அதிகம் பேசும்.

இப்படி விளம்பரம் செய்வது இந்த நாட்டில் குற்றம். மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் 1954-இல் வந்தது. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. நீரிழிவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. எழுபது ஆண்டுகளாகச் சட்டம் இருந்தும் உங்கள் வீட்டுக்குள் அது எப்படி நுழைந்தது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது புரிந்தால்தான் உங்கள் வீட்டுக்காரர் ஏமாளி இல்லை என்பது உங்களுக்குப் புரியும்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்குப் போயிருப்பீர்கள். அந்தக் காலத்தில் ரத வீதி ஓரத்தில் லேகியம் விற்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சகல நோயும் தீரும் என்று அவரும்தான் சொன்னார். ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். கூட்டத்தில் யாராவது ஒருவர், 'போன வருஷம் வாங்கினேன், ஒன்றும் கேட்கவில்லை' என்று சொல்ல வழி இருந்தது. கைப்பேசி விளம்பரத்தில் அந்த வழி அடைபட்டுவிட்டது. அது உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் வருகிறது; பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு வராது.

ஒரு வீடியோவில் அவர் எத்தனை வினாடி நின்றார் என்பதைச் செயலி குறித்துக்கொள்கிறது. சர்க்கரை பற்றிய வீடியோவில் நாற்பது வினாடி நின்றால், அடுத்து இன்னொன்று. 'இலவச ஆலோசனை' என்ற பொத்தானை அழுத்தி அவர் பெயர், கைப்பேசி எண், சர்க்கரை அளவு எல்லாம் கொடுத்திருப்பார். உடனே ஒரு 'ஆலோசகர்' அழைத்திருப்பார், அன்பாகத்தான் பேசியிருப்பார். அதோடு முடியவில்லை. தூளை வாங்கியவர்களின் எண்களை விற்பனையாளர் சமூக ஊடக நிறுவனத்திடம் கொடுத்து, 'இவர்களைப் போன்றவர்களைத் தேடிக் காட்டு' என்று கேட்க முடியும். அதற்கென்றே வசதி செய்து வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் வாங்கியதால், அவரைப் போன்ற வேறு யாரோ ஒருவரின் கைப்பேசிக்கு அந்த விளம்பரம் இன்றைக்குப் போயிருக்கலாம். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் மெட்டா என்ற ஒரே நிறுவனத்துடையவை. அதன் 2024 வருமானத்தில் 97 சதவீதத்துக்கு மேல் விளம்பரத்தில் வந்தது. வீடியோ உண்மையா பொய்யா என்பதைவிட, ஆள் நின்றாரா போனாரா என்பதே கணக்காகிவிடுவதற்கு இதுதான் காரணம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தூள் விற்கிறவருக்கு இதைவிடப் பெரிய சந்தை எங்கே கிடைக்கும்?

தூள் சாப்பிட்ட முதல் வாரம் சர்க்கரை குறைந்ததாக அவர் சொல்லக் கூடும். குறைந்தும் இருக்கலாம். தூளோடு ஓர் உணவு அட்டவணை வந்திருக்குமே, பாருங்கள்: சோற்றைக் குறை, இனிப்பை நிறுத்து, அரை மணி நேரம் நட. இவ்வளவும் செய்தால் வெந்நீர் குடித்தாலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதனால்தான் ஒரு நாள் பரிசோதனையை நம்பாமல் ஹெச்பிஏ1சி பார்க்கிறோம். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் மூன்று மாதக் கணக்கு தெரிந்துவிடும். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய். நோய் உள்ளவர்களில் பெரும்பாலோரை 7-க்குள் வைத்திருக்கப் பார்க்கிறோம்.

அவருடைய சந்தேகத்தைத் தட்டிவிடாதீர்கள். கம்பெனிகள் மறைக்கும் என்று அவர் சொல்வது வெறும் பேச்சு இல்லை. 1960-களில் அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் சங்கம் ஹார்வர்டு ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுத்து ஒரு கட்டுரை எழுத வைத்தது. இதய நோய்க்குக் கொழுப்பே காரணம் என்று காட்டி, சர்க்கரையின் பங்கைச் சிறிதாக்கிய அந்தக் கட்டுரை 1967-இல் பெயர்பெற்ற மருத்துவ இதழில் வந்தது. பணம் கைமாறிய விவரம் 2016-இல்தான் பழைய கடிதங்களில் இருந்து வெளியே வந்தது. ஆகவே சந்தேகப்படட்டும். அந்தச் சந்தேகத்தைத் தூள் கம்பெனியின்மீதும் கொஞ்சம் வைக்கட்டும் என்பதுதான் நான் கேட்பது.

மெட்பார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். மூலிகைமேல் அவருக்கு நம்பிக்கை என்றால் இதைச் சொல்லுங்கள்: மெட்பார்மினின் மூலமே ஒரு செடிதான். கலீகா என்ற ஐரோப்பியச் செடியில் கண்ட பொருளின் வழியில் உருவான மருந்து அது. 1957-இல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. எத்தனையோ கம்பெனிகள் மலிவாகச் செய்கின்றன. அரசு மருத்துவமனையில் இலவசம். இதை விற்றுக் கொழிக்க யாருக்கும் வழியில்லை. 7,800 ரூபாய்க்குத் தூள் விற்கிறவருக்குத்தான் வழி இருக்கிறது. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை. நல்ல கிட்னியை மெட்பார்மின் கெடுப்பதில்லை. கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அளவைக் குறைப்போம், மிகவும் தளர்ந்திருந்தால் நிறுத்துவோம். அதற்குத்தான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்க்கிறோம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கைப்பேசியை ஒளித்து வைக்காதீர்கள். கடையில் விடுமுறை சொல்வதும் சம்பளம் வருவதும் அதில்தான். பிடுங்கினால் அவர் திருட்டுத்தனமாகப் பார்ப்பார். தனியாகப் பார்த்ததால் வந்த வினை, இன்னும் தனியாகிவிடும்.

அதற்குப் பதில் ஒன்று செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது, அந்த வீடியோவைச் சத்தமாக வைத்துப் போடச் சொல்லுங்கள். கேலி செய்ய வேண்டாம், முழுவதும் கேளுங்கள். கேட்டு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: 'இதைச் சாப்பிட்டு ஹெச்பிஏ1சி குறைந்தவர், நாம் நேரில் போய்ப் பார்க்கிற தூரத்தில் யாராவது இருக்கிறாரா?' முடிந்தால் அவர் மதிக்கிற ஒருவரையும் கூப்பிடுங்கள். பத்து ஆண்டாக மாத்திரை சாப்பிட்டுக் கல்லாவில் திடமாக உட்கார்ந்திருக்கும் ஓர் அண்ணாச்சி ஜங்ஷன் கடைகளில் நிச்சயம் இருப்பார். நான் சொன்னால் கேட்காதவர்கள் அண்ணாச்சி சொன்னால் கேட்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர் கொஞ்சம் இளகியதும், அவரையே வைத்துக் கைப்பேசியைச் சரிசெய்யுங்கள். அந்த விளம்பரம் வரும்போது மூன்று புள்ளியைத் தொட்டு, 'ஆர்வமில்லை' அல்லது 'விளம்பரத்தை மறை' என்று கொடுக்க வேண்டும். யூடியூபில் பார்த்தவை, தேடியவை இரண்டின் வரலாற்றையும் அழித்து, பதிவதை நிறுத்தி வைக்கலாம். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் விளம்பர அடையாள எண்ணை நீக்கும் வசதி இருக்கிறது. இதனால் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடாது. ஒரு வாரத்தில் வரத்துக் குறையும். வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியக் குறிப்புக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஐந்து கைக்கு மேல் மாறி வந்த செய்தி என்று பொருள். அனுப்பிய மாமாவுக்கும் அது யார் எழுதியது என்று தெரியாது.

'ஆலோசகர்' தொடர்ந்து அழைத்தால் தொல்லை அழைப்புகளுக்கான 1909 என்ற எண்ணில் புகார் பதியலாம். பணத்தைத் திருப்பிக் கேட்கத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வீடியோவின் திரைப்பதிவு, பணம் செலுத்திய ரசீது இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மகனைப் பற்றிச் சுருக்கமாக. அவன் பார்ப்பது முடிவே இல்லாமல் உருளும்படி செய்யப்பட்டது. பதினைந்து வயதுப் பையனின் மன உறுதியை மட்டும் நம்பி அதோடு மோதவிடக் கூடாது. இரவு பத்து மணிக்கு வீட்டில் இருக்கும் எல்லாக் கைப்பேசியும் சமையலறை அலமாரியில் சார்ஜில் இருக்கட்டும், உங்களுடையதும்தான். எழுப்பிவிட ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். தூக்கம் திரும்பிய பிறகும் அவன் முகம் வாடியே இருந்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள்.

உணவில் ஒன்று மட்டும். சர்க்கரைக்கு ஆகும் என்று சொல்லி இப்போது கருப்பட்டியையும் விளம்பரத்தில் விற்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டியின் மணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான்; அவருடைய காபியில் அது வேண்டாம். பிஸ்கட் பொட்டலத்தில் 'தானியம்' என்று முன்னால் எழுதியிருந்தால் பின்னால் திருப்புங்கள். சேர்மானங்களை அளவு கூடியதில் இருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. முதல் பெயர் மைதா என்றால், அது மைதா பிஸ்கட்.

மாத்திரைக்கு மாதாமாதம் அலைய வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் இருந்து நடக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். ஆனால் 24 நாள் இடைவெளி விட்டிருப்பதால், பழைய அளவிலேயே அவராகத் தொடங்காமல் ஒரு மருத்துவரைப் பார்த்துத் தொடங்கட்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு வந்தால் ஹெச்பிஏ1சி, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், கண், கால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு போய்விடலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். காலையில் முதல் வண்டிக்கு இருவருமாகக் கிளம்புங்கள். அவருக்குச் சாப்பாட்டை ஒரு தூக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தூள் டப்பாவையும் தூக்கி எறியாமல் கொண்டு வாருங்கள். உள்ளே என்ன கலந்திருக்கக் கூடும் என்பதை மருத்துவரும் பார்க்க வேண்டும்.