தொலைபேசியில் கிடைத்த அனுமதியும் சி.ஆர்.பி. ஒப்பந்தமும்

கேள்வி: அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2023 வசந்த காலத்தில் 80 ஏக்கர் நிலம் வாங்கினேன். அதில் 40 ஏக்கரைப் பழைய உரிமையாளர் 2018-இல், பயிரிடாமல் புல் வளர விட்டால் அரசு வாடகை தரும் சி.ஆர்.பி. என்னும் நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் பத்தாண்டுகளுக்குச் சேர்த்திருந்தார். ஏக்கருக்கு ஆண்டு வாடகை 120 டாலர். வாங்கிய மறுமாதமே, திட்டத்தை நடத்தும் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) வேளாண் அலுவலகத்தில் நீட்டிய தாள்களில் கையொப்பமிட்டேன். 2025 ஜூன் மாதம், வறட்சி காரணமாகப் புல் அறுக்கலாம் என்று அந்த அலுவலக ஊழியர் தொலைபேசியில் சொன்னதை நம்பி அறுத்து, கட்டுகளாக விற்றேன். இது அறுக்கக் கூடாத பருவம் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். புகார் கொடுத்தவரும் அவரே. இதில் முடிவெடுக்கும் கவுண்டிக் குழுவில் இருப்பவர்கள் அவருடைய நண்பர்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்து, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு இப்போது கடிதம் வந்திருக்கிறது. வெளியூர்க்காரன் என்பதால்தான் இந்த அநீதி. வழக்குத் தொடரலாமா?

பதில்: பக்கத்துப் பண்ணைக்காரரின் உள்நோக்கத்தையும் குழுவினரின் நட்பையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். யார் புகார் கொடுத்தார் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. புல் அறுக்கப்பட்டதா, அதற்கு எழுத்தில் ஒப்புதல் இருந்ததா என்பதையே கேட்கும். கான்சாஸில் ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை பறவைகள் கூடு கட்டும் காலம்; அறுக்கக் கூடாத பருவம் என்பது அதுதான். வறட்சிக் கால அறுவடைக்கும் விண்ணப்பித்து, உங்கள் நிலத்துக்கென வகுத்த பராமரிப்புத் திட்டத்தைத் திருத்தி, ஒப்புதல் பெற்ற பிறகுதான் வயலில் இயந்திரத்தை இறக்க வேண்டும். ஜூனில் அறுத்தீர்கள், ஒப்புதல் இல்லை. மீறல் நடந்தது என்பதில் வாதிட எதுவும் இல்லை.

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன செய்திதான் இந்த வழக்கின் உயிர்நாடி: 2023-இல் இட்ட கையொப்பம். சி.ஆர்.பி. நிலத்தை வாங்கியவர் அறுபது நாட்களுக்குள் ஒப்பந்தத்தில் சேராவிட்டால் ஒப்பந்தம் முடிந்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு விற்றவர் தலையில் விழும்; சேர்ந்துவிட்டாலோ, முந்தையவரின் கடமைகள் அனைத்தையும் புதியவர் ஏற்றுக்கொண்டவர் ஆகிறார். விற்பவர்கள் அந்தக் கையொப்பத்துக்கு ஏன் அவசரப்படுத்துகிறார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும். நீங்கள் வாங்கியவை இரண்டு தவணைகள், 9,600 டாலர். ஒப்பந்தத்தின் பேரில் 2019 முதல் கொடுக்கப்பட்டவை ஆறு தவணைகள், 28,800 டாலர். ரத்து நிலைத்தால் அந்த முழுத் தொகையையும், வட்டியையும், ஓராண்டு வாடகையில் 25 விழுக்காடான 1,200 டாலர் இழப்பீட்டையும் உங்களிடம் கேட்க அந்தக் கையொப்பம் வழி திறந்துவிடுகிறது. புல்லை முளைக்க வைக்க அரசு பங்கிட்ட செலவு இருந்தால் அதுவும் சேரும். விற்றவரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கிரய உடன்படிக்கையை மறுபடி படிக்க வேண்டும், சி.ஆர்.பி. பொறுப்புகளை வாங்குபவரே ஏற்பார் என்ற வாசகம் பெரும்பாலும் அதில் இருக்கும்.

இனி தொலைபேசிப் பேச்சு. என்னிடம் வரும் விவசாயிகள் அதிகம் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அரசு ஊழியர் சொன்னால் அது அரசே சொன்னதாகும் என்று நம்புவது இயல்பு; சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஐடஹோ மாநிலத்தின் மெரில் சகோதரர்கள், குளிர்காலக் கோதுமை அழிந்த நிலத்தில் மறுவிதைப்புச் செய்த வசந்தகாலக் கோதுமைக்கும் பயிர்க் காப்பீடு உண்டு என்று உள்ளூர்க் கவுண்டிக் குழு கொடுத்த உறுதியை நம்பினார்கள். வறட்சியில் பயிர் கருகியபோது, அரசிதழில் வெளியான விதி அத்தகைய பயிரை விலக்கியிருந்ததால், அவர்கள் அவ்விதியை அறிந்திருந்தார்களா என்பதே பொருட்டல்ல என்று உச்ச நீதிமன்றம் 1947-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் கடுமையைத் தணிக்கும் கதவு ஒன்று 2002-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் இருக்கிறது: அதிகாரியின் தவறான அறிவுரையை நல்லெண்ணத்துடன் நம்பி நடந்தவருக்கு வேளாண்மைத் துறை நிவாரணம் தரலாம். தர வேண்டும் என்றில்லை, தரலாம் என்பதே சட்டத்தின் சொல்.

அந்தக் கதவை உங்கள் கடிதமே பாதி அடைத்துவிட்டது. கூடாத பருவம் என்று ஒருவர் முன்பே சொல்லியிருந்தார் என எழுதியிருக்கிறீர்கள். எச்சரிக்கையைக் கேட்ட பிறகு, ஒரு மின்னஞ்சலாவது அனுப்பி உறுதி செய்யாமல் அறுத்தவருக்கு நல்லெண்ணத்தை நிறுவுவது கடினம். பண்ணைக்காரர் சாட்சியாக வந்து அதையே சொல்வார். அந்த வரியை மறைத்து வேறு கதை எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள். கூட்டாட்சி அரசுத் துறையிடம் தெரிந்தே பொய் சொல்வது ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். முப்பதாயிரம் டாலர் பிரச்சினையைச் சிறைப் பிரச்சினையாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

ஆகவே சமரசமே என் அறிவுரை. அதற்கு உங்களிடம் நல்ல பிடிமானமும் இருக்கிறது. மீறல் ரத்து செய்யும் அளவுக்குக் கடுமையானதல்ல என்று துறை கருதினால், ஒப்பந்தத்தைத் தொடர விட்டு, பணத்தில் ஒரு பகுதியை மட்டும் திரும்பப் பெறவோ வாடகையைக் குறைக்கவோ விதிகளே இடம் தருகின்றன. நீங்கள் நிலத்தை உழவில்லை. வேர் இருக்கிறது, புல் மீண்டும் வளரும், திட்டத்தின் நோக்கம் அழியவில்லை. இதைப் புகைப்படங்களோடு காட்டி, ஓராண்டு வாடகையை விட்டுக்கொடுக்கவும், சொட்டையான இடங்களில் உங்கள் செலவிலேயே மறுவிதைப்புச் செய்யவும் முன்வாருங்கள். தொலைபேசியில் பேசிய நாளையும் பேசியவர் பெயரையும் குறிப்பிடுங்கள்; நிவாரணம் பெற்றுத் தராவிட்டாலும், ரத்தைத் தவிர்க்க அது எடை சேர்க்கும். குழுவினரின் பாரபட்சத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். உங்களுக்குச் சாதகமாக முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்களே.

இதற்குக் காலம் குறைவு. முடிவு கிடைத்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் மறுபரிசீலனையோ, சமரசப் பேச்சோ, வேளாண்மைத் துறையின் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவின் விசாரணையோ எழுத்தில் கோர வேண்டும். அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசிக்கொண்டிருப்பது அந்த முப்பது நாட்களை நிறுத்தாது. மேல்முறையீட்டுப் பிரிவைக் கடக்காமல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீங்கள் கேட்கும் வழக்கைத் தொடர முடியாது. நாள் தவறினால் கடன் உறுதியாகி, உங்கள் வருமான வரித் திருப்பத்தொகையிலிருந்தும் பிடித்துக்கொள்வார்கள். மறுபரிசீலனைக் கோரிக்கையை இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பிறகு சமரசம் பேசுங்கள்.