ஃபேக்ஸுக்கென்று தனி வயர் வாங்க வேண்டுமா?

கேள்வி: மும்பை செம்பூரில் சிறிய ஏற்றுமதி அலுவலகம் நடத்துகிறேன். ஃபேக்ஸ் இயந்திரத்தை உள்ளறைக்கு மாற்றி, நீளமான வேறு டெலிபோன் வயரில் இணைத்த பிறகு, பேச்சு தெளிவாகக் கேட்கிறது. ஆனால் ஃபேக்ஸ் பாதிப் பக்கத்தில் அறுந்துவிடுகிறது. லாமிங்டன் ரோட்டில் ‘ஃபேக்ஸ் ஸ்பெஷல்’ வயர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அப்படி ஒரு தனி இனமே கிடையாது. தங்க முலாம், ‘ஹை ஸ்பீட்’ என்ற அச்சு ஆகியவை கடைக்காரரின் லாபத்தைக் கூட்டுமே ஒழிய உங்கள் பக்கத்தைக் கொண்டு சேர்க்காது. ஃபேக்ஸ் மெதுவாகவே செல்கிறது: பெரும்பாலான இயந்திரங்களில் நொடிக்கு 14,400 பிட், சிலவற்றில் 33,600 பிட். அதற்கு இரண்டு செம்புக் கம்பிகள் போதும். லேசான இரைச்சலை நம் காது பொறுத்துக்கொள்ளும். இயந்திரம் பொறுக்காது என்பதால்தான் பேச்சு கேட்டும் ஃபேக்ஸ் போவதில்லை.

முதலில் இயந்திரத்தைச் சுவர் சாக்கெட்டின் அருகே வைத்து, அதனுடன் வந்த வயரில், ‘லைன்’ என்று எழுதிய துளையில் மட்டும் செருகி அனுப்பிப் பாருங்கள். பக்கம் முழுதாகப் போனால் நீள வயரே குற்றவாளி. அதன் கண்ணாடி போன்ற பிளக்கை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இரண்டு கம்பியா நான்கா என்று தெரியும். இயந்திரத்துக்குத் தேவை நடுவிலுள்ள இரண்டுதான். சில மாடல்களின் கையேடு, நான்கு கம்பி வயரை இயந்திரத்தில் நேரடியாகச் செருக வேண்டாம், உடன் வந்த இரண்டு கம்பி வயரையே பயன்படுத்துங்கள் என்று சொல்கிறது. அதற்காக நீள வயரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இயந்திரத்தில் அதன் சொந்த வயர், அதன் மறுமுனையில் ஒரு கப்ளர் (இரண்டு வயர்களை முனையோடு முனை இணைக்கும் சிறு பெட்டி), கப்ளரிலிருந்து சுவர் வரை நீள வயர் என்று இணைத்தால் போதும். கேட்டு வாங்கும்போது கவனம்: கப்ளருக்கு இரண்டு துளைகளே உண்டு. மூன்று துளை இருந்தால் அது ஒரு லைனை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர். இரண்டும் ஒன்றுதான் என்று கடையில் சாதிப்பார்கள், நம்பாதீர்கள். ரிசீவரின் சுருள் வயரையும் தள்ளிவிடுவார்கள். அதன் பிளக் குறுகலானது, பொருந்தாது. கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிக் கொடுக்கும் ‘டெக்னீஷியன்’களை உள்ளேயே விடாதீர்கள்.

அதே செம்புக் கம்பியில் பிராட்பேண்டும் வந்தால், சுவருக்கும் ஃபேக்ஸுக்கும் நடுவே, பிராட்பேண்ட் சிக்னலை ஃபேக்ஸுக்குள் வராமல் தடுக்கும் ஃபில்டர் இருக்க வேண்டும். ஃபைபர் மோடத்திலிருந்து வரும் லைன் என்றால் இயந்திரத்தின் வேகத்தை நொடிக்கு 9,600 பிட்டாகக் குறைத்துப் பாருங்கள்.

சுவர் அருகிலும் அறுந்தால் பழுது பெரும்பாலும் லைனில்தான். மின்னஞ்சல் வந்து இத்தனை காலமான பிறகும் ஃபேக்ஸ்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கும் அலுவலகங்கள் ஒருபுறம், யாரையும் அனுப்பாமலேயே ‘சரிசெய்யப்பட்டது’ என்று புகாரை மூடும் டெலிபோன் அலுவலகங்கள் மறுபுறம். ஆகவே புகாரில் ‘ஃபேக்ஸ் போகவில்லை’ என்று எழுதாதீர்கள், கருவி எங்கள் பொறுப்பல்ல என்று கைகழுவிவிடுவார்கள். ‘லைனில் இரைச்சல்’ என்று மட்டும் பதியுங்கள்.