மொத்தச் சம்பளத்திலிருந்து சாதாரண மணிக்கூலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ஒரு வாரத்தில் 40 மணி நேரம் சாதாரண வேலை, 6 மணி நேரம் ஒன்றரை மடங்கு ஓவர்டைம், 4 மணி நேரம் இரட்டைச் சம்பளத்தில் விடுமுறை நாள் வேலை. பிடித்தம் போவதற்கு முந்தைய மொத்தம் 8,550. அப்படியானால் சாதாரண மணிக்கூலி எவ்வளவு?

பலரும் 8,550-ஐ 50 மணியால் வகுத்து 171 என்பார்கள். அது சராசரிதான். அந்த வாரத்தில் எந்த ஒரு மணி நேரத்துக்கும் 171 கொடுக்கப்படவில்லை.

சாதாரண மணிக்கூலியை 'க' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவர்டைம் மணிக்கு 1.5க, விடுமுறை நாள் மணிக்கு 2க. மூன்றையும் கூட்டினால்:

40க + 6 × 1.5க + 4 × 2க = 8,550
40க + 9க + 8க = 57க = 8,550
க = 150

அந்த 57-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். உழைத்தது 50 மணி, ஆனால் 57 சாதாரண மணிக்கான சம்பளம் வந்திருக்கிறது. கூடுதல் விகிதத்தில் செய்த வேலையை எல்லாம் சாதாரண மணிகளாக மாற்றிக்கொள்வதுதான் இந்தக் கணக்கின் உயிர். இது பிடிபட்டால் சமன்பாடு எழுதாமல் மனக்கணக்காகவே போடலாம். '50 சதவீதம் கூடுதல்' என்று எழுதியிருந்தால் பெருக்க வேண்டியது 1.5-ஆல். 0.5-ஆல் பெருக்கினால் கூடுதல் பங்கு மட்டும்தான் வரும், அந்த மணிகளின் அடிப்படைக் கூலி விட்டுப்போகும்.

இரவு ஷிஃப்டுக்கு மணிக்கு 12 என்று தனிப் படி இருந்தால் கணக்கு மாறும். 12 என்பது மடங்கு அல்ல, நிலையான தொகை. 10 மணி நேர இரவு வேலை என்றால் 120-ஐ மொத்தத்திலிருந்து முதலில் கழித்துவிட்டு, மீதியை 57-ஆல் வகுக்க வேண்டும்.

சரி, அந்த 6 மணி ஓவர்டைமும் இரவில்தான் நடந்தது என்றால்? மணிக்கு 1.5க + 12-ஆ, 1.5(க + 12)-ஆ? இரண்டாவதில் படி 18 ஆகிவிடும். 6 மணிக்கு 36 வித்தியாசம். படியும் சேர்த்துப் பெருக்கப்படுமா என்பதை வேலை ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சம்பளச் சீட்டில் கணக்கு உதைத்தால் நான் முதலில் பார்ப்பது இந்த அடைப்புக்குறியைத்தான்.

ஓவர்டைம் என்ன மடங்கு என்றே தெரியாவிட்டாலும் வழி உண்டு. அது இடத்துக்கு இடம் மாறும்: அமெரிக்க மத்தியச் சட்டப்படி பொதுவாக வாரம் 40 மணி நேரம் தாண்டினால் ஒன்றரை, இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வைத்தது இரண்டு. உங்களுக்கு உண்மையில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க இரண்டு வாரச் சீட்டு போதும். ஓவர்டைம் மணிக்கூலியை 'ஓ' என்று வையுங்கள்:

40க + 5ஓ = 7,125
40க + 9ஓ = 8,025

கழித்தால் 4ஓ = 900, அதாவது ஓ = 225. முதல் வரியில் போட்டால் 40க = 6,000, க = 150. 225-ஐ 150-ஆல் வகுத்தால் 1.5. அப்புறம் ஒன்று: இரண்டு வாரமும் ஒரே அளவு ஓவர்டைம் செய்திருந்தால் இது உதவாது, கழித்தால் எதுவுமே மிஞ்சாது. மணி நேரம் வேறுபட்ட வாரங்களாக எடுத்துக்கொள்ளுங்கள்.