விரல் நுனிப் புதிர்கள்: உங்கள் கேள்விகள், எங்கள் பதில்கள்

100ஆம் இலக்க பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் போனில் கட்டம் நகர்த்திக்கொண்டோ மிட்டாய் உடைத்துக்கொண்டோ இருக்கிறார்கள். இதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகி, வெள்ளவத்தை

விதி ஒரு நிமிடத்தில் பிடிபடும். செய்ததன் பலன் அடுத்த நொடியே தெரியும். 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸில், மேலிருந்து விழும் துண்டுகளை அடுக்கி வரிசையை நிரப்பினால் அந்த வரிசை அழியும். துண்டுகள் ஏழே வகை, அகலம் பத்துக் கட்டம். அவசரத்தில் ஓர் இடைவெளியை மூடிவிட்டால், மேலே உள்ள வரிசைகளை அழித்த பிறகுதான் அதை எட்டலாம். அந்த மீட்பு வேலைதான் ஆளைக் கட்டிப்போடுகிறது.

பஸ்ஸுக்கு டெட்ரிஸ் தோதுப்படாது. கொண்டக்டர் காசு கேட்கும்போது துண்டு காத்திருக்காது. சுடோகுவும், ஒரே எண் கொண்ட கட்டங்களைத் தள்ளிச் சேர்த்து இரட்டிப்பாக்கும் 2048உம் எங்கே விட்டீர்களோ அங்கேயே நிற்கும். ஒரு நாளைக்கு ஒன்றோடு முடிந்துவிடும் புதிர் இன்னும் நல்லது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் (Wordle) அப்படித்தான்: ஒரு சொல், ஆறு வாய்ப்பு, பிறகு நாளைக்குத்தான்.

அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கேண்டி க்ரஷில் உயிர் முடிந்தால் அந்தரப்படுகிறா. போன மாதம் காசும் கட்டியிருக்கிறா. போனைப் பறிக்க மனமில்லை.
– மகள், தெஹிவளை

பறிக்க வேண்டாம். அவவைப் பிடித்து வைத்திருப்பது புதிர் மட்டுமல்ல, அந்தக் காத்திருப்பும்தான். உயிர் ஐந்து, போன ஓர் உயிர் திரும்ப அரை மணி நேரம். ஐந்தும் நிரம்ப இரண்டரை மணி. அதுவரை மனம் தோற்ற கட்டத்திலேயே நிற்கும். தோற்ற உடனே 'இன்னும் ஐந்து நகர்வு வேண்டுமா' என்று, காசு கொடுத்து வாங்கும் விளையாட்டு நாணயமான தங்கக் கட்டி கேட்பார்கள். உடைக்க வேண்டிய ஜெலிக் கட்டம் இன்னும் ஒன்றுதானே மிச்சம் என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் காசு போகும். மேலிருந்து விழும் மிட்டாய்கள் எழுமாற்றானவை என்பதை அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கள். தோற்றதெல்லாம் அவவின் பிழையல்ல. காசு கட்டி வாங்கும் ஐந்து நகர்விலும் வேண்டிய நிறம் விழும் என்று யாரும் உறுதி தரவில்லை.

பிளே ஸ்டோரில் மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டு செட்டிங்ஸுக்குள் போய், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள். கணக்கில் வங்கி அட்டை சேமித்திருந்தால் நீக்கிவிடுங்கள். போன் பில்லோடு காசு கழியும் வழி இணைந்திருந்தால் அதையும்.

2048இல் 512ஐத் தாண்டவே முடியவில்லை. எங்கே பிழை?
– ஏ.எல். மாணவன், கொட்டாஞ்சேனை

நான்கு பக்கமும் தள்ளுகிறீர்கள் போலிருக்கிறது. பெரிய எண்ணுக்கு ஒரு மூலையைக் கொடுங்கள். கீழ் இடது மூலை என்று வைப்போம். கீழே, இடப்பக்கம் இரண்டுக்கும்தான் விரல் போக வேண்டும். அடி வரிசை நான்கும் நிரம்பி, அதில் ஒரே எண் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இல்லாதபோது மட்டும் வலப்பக்கம் தள்ளலாம். அடி வரிசை அசையாது. நிரம்பாமல் தள்ளினால் 512 மூலையை விட்டு நடுவுக்கு வந்துவிடும்.

அடி வரிசை இடமிருந்து 512, 256, 128, 64 என்று இறங்கட்டும். அதன் மேல் வரிசையை வலப்பக்கத்திலிருந்து கட்டுங்கள்: 64இன் தலைக்கு மேல் 32, அதற்கு இடப்பக்கம் 16, பிறகு 8. இன்னொரு 8 வந்து சேர்ந்தால் 16, 32, 64 என்று வரிசையாக ஒன்றுள் ஒன்று விழுந்து 1024 வரை போகும். அந்தச் சரிவு தரும் சந்தோஷத்துக்காகவே இதை விளையாடலாம்!

மேலே தள்ளுவதற்கு ஏன் இவ்வளவு பயம்? அடி வரிசைகள் நிரம்பி வேறு வழியே இல்லாமல் மேலே தள்ளினால், காலியாகும் கீழ்ப் பகுதியில் புதுக் கட்டம் ஒன்று முளைக்கும். பத்தில் ஒன்பது தடவை அது 2, மிச்சம் 4. உடனே கீழே தள்ளிவிடுங்கள். நான்கில் மூன்று தடவை 512 மூலைக்குத் திரும்பிவிடும். நான்காவது தடவை அந்த 2 அதன் அடியில் சிக்கும். அப்போது 512ஐ விட்டுவிட்டு, சிக்கிய சின்ன எண்ணையே பக்கத்திலிருப்பவற்றோடு சேர்த்து வளர்த்தெடுங்கள்.

வேர்டில் மாதிரித் தமிழில் ஒன்று செய்ய ஆசை. நான் எழுதிய நிரல் 'கொழும்பு' என்பதை எட்டு எழுத்து என்கிறது.
– கணினி மாணவி, தெமட்டகொடை

யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறீர்கள். க, கொம்பும் காலும், ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி என்று எட்டு. நமக்கோ கொ, ழு, ம், பு நான்குதான். ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால், எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் Intl.Segmenter என்ற கருவியை 'கிராஃபீம்' (grapheme) அளவில் வைத்துப் பிரியுங்கள், சரியாக வரும்.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கு 247. வேர்டிலில் எழுத்தும் இடமும் சரியென்றால் பச்சை, இடம் மட்டும் மாறினால் மஞ்சள், எழுத்தே இல்லாவிட்டால் சாம்பல். இந்த மூன்றும் போதாது. விடை 'கொழும்பு', ஒருவர் 'விரும்பு' போடுகிறார் என்று வையுங்கள். ம், பு இரண்டும் பச்சை. ரு பிழை; ஆனால் ழுவில் இருக்கும் அதே உகரம் அதிலும் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு நிறம், மெய் சரியாகி உயிர் மட்டும் மாறினால் இன்னொரு நிறம் வையுங்கள். வாய்ப்பை எட்டாக்குவது எங்கள் யோசனை.

சொற்பட்டியலில் வேற்றுமை உருபு ஏறிய சொற்களை விடையாக வைக்க வேண்டாம். விடை 'வீட்டில்' என்று வந்தால் ஆட்கள் கோபப்படுவார்கள், அது நியாயம்தான். ஊகமாகப் போட மட்டும் அனுமதியுங்கள்.