ரொக்கோக்கோ காலத்துக் கடற்கரை ஓவியங்கள் வெறும் சுவர் அலங்காரம்தானா?

இப்படிக் கேட்பவர், பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சின் அலங்காரக் கலைப்பாணியான ரொக்கோக்கோவின் புகழ்பெற்ற ஓவியர் பூஷேயின் இளஞ்சிவப்பு மேகங்களைப் பார்த்துச் சலித்தவராக இருக்க வேண்டும். அந்தச் சலிப்பு எனக்கும் உண்டு. ஆனால் அதே பதினைந்தாம் லூயி மன்னரின் காலத்தில் குளோட் ஜோசப் வெர்னே வரைந்த கடற்கரைகளையும் அந்தக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அவரை ரொக்கோக்கோவில் சேர்க்கலாமா என்று சண்டைக்கு வருவோர் உண்டு என்பதை அறிவேன். இத்தாலியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்த அவருடைய ஒளி வேறுதான் என்றாலும், படகில் அமர்ந்திருக்கும் பட்டாடைகள் அந்தக் காலத்தவையே.

பிரான்சின் துறைமுகங்களை வரையும் அரசுப் பணி 1753இல் அவருக்கு வந்தது. 24 ஓவியங்கள் திட்டமிடப்பட்டு, 1765க்குள் 15 முடிந்தன. ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டருக்கும் மேல் அகலமானது. அந்தந்த ஊரின் தொழில் அதில் தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. தெற்கு பிரான்சிலுள்ள பந்தோல் வளைகுடாவின் ஓவியத்தில் அவர் சூரை மீன்பிடிப்பைத் தேர்ந்தார். கடலில் நிலையாகக் கட்டிய வலைச்சுவர் மீன்களை அறை அறையாக நடத்திச் சென்று கடைசி அறையில் அடைக்கும். படகுகள் சூழ்ந்து அந்த வலையைத் தூக்க, மீன்களைக் குத்தி எடுப்பார்கள். சீமாட்டிகள் அதை வேடிக்கை பார்க்கிறார்கள்.

நான் படித்த ஓவிய வரலாற்று வகுப்பில், இத்தகைய படங்களிலுள்ள மீனவர்கள் கடலின் அளவைக் காட்டுவதற்காக வைக்கப்பட்ட பொம்மைகள் என்று ஆசிரியர் ஒருவர் சொன்னார். மீனவர் வீட்டுப் பிள்ளையான நான் அன்று வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. (எல்லா ஆசிரியர்களையும் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பந்தோல் ஓவியத்தின் அச்சுப் பிரதியை அப்பாவிடம் காட்டினேன். ஓவியர் யார், எந்த நாடு என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “மடி தூக்குறாங்க” என்றார். (மடி என்பது வலையில் மீன் சேரும் பை.) பிறகு வலையைப் பிடித்திருந்தவர்களை ஒவ்வொருவராக விரலால் தொட்டுக்கொண்டே போனவர், சீமாட்டிகளின் படகருகே வந்ததும் நிறுத்தினார்.

“இந்தம்மாவங்கள யாருப்பா இவ்வளவு கிட்ட வரவிட்டது? தொழில் நடக்கற இடத்துல இடைஞ்சல்.”