காரைக்குடி மாதிரி மூன்று மதத்தாரும் கலந்து வாழும் ஊரில் ஒரு நல்லிணக்கக் குழுவை நடைமுறையில் எப்படி நடத்துவது? ஏன் பல குழுக்கள் போட்டோ எடுப்பதோடு நின்றுவிடுகின்றன?

மேடை போடுவதால்தான் நின்றுவிடுகின்றன. ஆண்டுக்கு ஒரு தடவை மூன்று மதத் தலைவர்களைக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, "எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது" என்று நாலு பேர் பேசிவிட்டுப் போனால் மறுநாள் ஒரு தெருவில் மைக் செட் தகராறு வரும்போது யார் யாருக்குப் போன் போடுவது என்றே தெரியாது. குழுவுக்கு முதலில் தேவை ஒரு நோட்டு. அதில் மூன்று நாட்காட்டியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஏன் நாட்காட்டி? இஸ்லாமிய ஆண்டு சந்திரக் கணக்கு. ரமலான் வருடா வருடம் 10, 11 நாள் முன்னால் நகரும். இந்தச் சில ஆண்டுகளாக அது மாசி, பங்குனியில் வந்து நிற்கிறது. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோவில் மாசி-பங்குனித் திருவிழாவும், காப்புக் கட்டு, பால்குடம் எல்லாமாக, அதே பருவத்தில்தான். கத்தோலிக்கர்கள் ஈஸ்டருக்கு முன் விரதம் இருக்கும் தவக்காலமும் அங்கேயே வந்து சேர்கிறது: 2026-ல் அது தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 18, ரமலான் நோன்பின் முதல் நாள் 19. அதாவது ஒரே தெருவில் காப்புக் கட்டியவர், நோன்பாளி, தவக்காலத்தார் மூவரும் விரதத்தில் இருக்கிறார்கள். இதைச் சண்டைக்குக் காரணமாகவும் ஆக்கலாம், சேர்ந்து சாப்பிடச் சாக்காகவும் ஆக்கலாம். வினாயகர் சதுர்த்தியும் மீலாது நபியும் 2023-லிருந்து 2025 வரை ஒன்றுக்கொன்று சுமார் பத்து நாள் இடைவெளியில் வந்தன. இரண்டுக்கும் ஊர்வலம் உண்டு. தை பிறந்ததும் உட்கார்ந்து இந்தத் தேதிகளை எழுதினால் பாதி வேலை முடிந்தது.

யாரை உட்கார வைப்பது என்பதில்தான் பெரிய தப்பு நடக்கும். தலைவர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். ஊர்வலத்தை உண்மையில் நடத்துகிறவர் யார்? மைக் செட்காரர், மேளக்காரர்களுக்கு நேரம் சொல்கிறவர், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி அடுப்பைப் பார்க்கிறவர், தேவாலயத்தின் பங்குப் பேரவையில் சிலுவைப்பாதை ஊர்வலத்துக்குத் தெரு ஒதுக்குகிறவர். வார்டுக்கு 12 பேர் போதும், மதத்துக்கு நாலு பேர், அதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு பெண்ணாவது, முப்பது வயதுக்குக் கீழே ஒருவராவது. செட்டிநாட்டில் இன்னொரு சிக்கல்: கோவில் புள்ளிகளில், அதாவது கோவிலுக்கு வரி கொடுக்கும் நகரத்தார் குடும்பங்களில், நிறையப் பேர் சென்னை, கோவையில் இருக்கிறார்கள், வீட்டு முகப்பில் காவலாள்தான் இருப்பார். முடிவு அங்கே, தெரு இங்கே. ஆகவே உள்ளூரில் இருக்கும் காரியக்காரரை விட்டுவிட்டுக் குழு போட்டால் அது காற்றில் நிற்கும். அதோடு, இந்தப் பக்கம் மதத் தகராறு மாதிரித் தொடங்குகிற பலவற்றைத் தோண்டினால் அடியில் கிடப்பது சாதி மரியாதை, முதல் மாலை, இல்லையென்றால் ஒரு பாதைப் பிரச்சினை. அதை மதப் பேச்சால் தீர்க்க முடியாது.

கூடும் இடம் கோவில் மண்டபமும் வேண்டாம், பள்ளிவாசல் வளாகமும் வேண்டாம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, சமுக்காளம் விரித்து வட்டமாக. வெள்ளி மதியம் 12.30 முதல் 1.30 வரையும், ஞாயிறு காலையும் கூட்டம் வைக்காதீர்கள். சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள், ஆனால் அப்படித்தான் வைக்கிறார்கள்.

ஊர்வலப் பாதைக்கு வருவோம். அனுமதி மனுவில் "சென்ற ஆண்டு போலவே" என்று எழுதுவதுதான் விஷ வித்து. சென்ற ஆண்டு எது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தெருப் பெயர், திரும்பும் முனை, அங்கே வந்து சேரும் நேரம், மேளம் நிற்கும் இடம், மீண்டும் தொடங்கும் இடம் என்று ஒரே தாளில் எழுதி, மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைக் காவல் நிலையத்தில் கொடுங்கள். மார்ச் மாதம் இங்கே சூரியன் மறைவது 6.25-ஐ ஒட்டி. மஃரிப் தொழுகைக்குப் பாங்கு அப்போதுதான். ஊர்வலம் அந்த நேரத்தைத் தவிர்த்து 5.45-க்கு முன்னோ 7 மணிக்குப் பின்னோ பள்ளிவாசலைக் கடந்தால் பிரச்சினையே எழாது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது 2000-ம் ஆண்டு விதி. இது பாங்கு, பஜனை, மாதா திருவிழா எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். யாராவது ஒரு தரப்பு "அவர்களுக்கு மட்டும்" என்று ஆரம்பித்தால் இந்த வரியைக் காட்டுங்கள்.

இப்போது கஞ்சி. சேர்ந்து நோன்பு திறப்பது நல்ல வழக்கம், கெடுவது சமையலில். காப்புக் கட்டியவர் கறி தொட மாட்டார். தவக்கால வெள்ளிகளில் கத்தோலிக்கரும் தொட மாட்டார். கறி போட்ட கஞ்சி ஒரு அண்டாவிலும் சைவக் கஞ்சி இன்னொன்றிலும் வைத்தால் கரண்டி மாறிவிடும், அங்கேதான் முகம் சுளிப்பார்கள். அன்றைக்கு மொத்தமும் சைவமாகவே செய்துவிடுங்கள். 200 பேருக்கு, ஆளுக்குக் கால் லிட்டர் கணக்கில், 5 கிலோ பச்சரிசி நொய், 1 கிலோ பாசிப்பருப்பு, 100 கிராம் வெந்தயம், இஞ்சி, பூண்டு, புதினா, மல்லி, அரிசியின் அளவைப்போல் 8 மடங்கு தண்ணீர். தேங்காய்ப் பால் கடைசியில், தீயைக் குறைத்து. கொதிக்க விட்டால் திரிந்துவிடும். வெந்தயம் கூடினால் கசக்கும், அன்றைக்கு அந்தக் கசப்பைப் பற்றித்தான் ஊர் பேசும். பேச்சு எல்லாம் சேர்த்து 15 நிமிடம், பாங்குக்குப் பத்து நிமிடம் முன்னால் முடிந்தாக வேண்டும். பதின்மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காதவரை உட்கார வைத்து வாழ்த்துரை வாசிப்பது நல்லிணக்கமா?

பதிலுக்குக் கோவில் பக்கம் உபசரிக்கும்போது: படைத்த பிரசாதத்தை இஸ்லாமியர் வாங்காமல் போகலாம். அது அவமதிப்பு இல்லை, மார்க்க விதி. படைக்காத பானகம், நீர்மோர் கொடுங்கள்.

பணத்தைக் கலக்காதீர்கள். பூசைக்கு அவரவர் வசூல். பொதுக் கணக்கு ஊருணி தூர்வார, வரத்துக் கால்வாய் சுத்தம் செய்ய, தண்ணீர்ப் பந்தலுக்கு மட்டும். ஊருணி வேலை எனக்கு எல்லாக் கூட்டங்களையும் விடப் பெரிதாகத் தெரிகிறது. ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில், கால்வாயில் சேர்ந்த பிளாஸ்டிக்கை எடுக்க மூன்று தெருவும் இறங்கினால், யாருக்கும் எதுவும் போதிக்க வேண்டியதில்லை. பிள்ளையார் சிலையை அந்த ஊருணியில் கரைக்கலாமா என்ற விவாதமும் அங்கேயே முடிந்துவிடும்: களிமண்ணாக இருந்தாலும் அனுமதித்த நீர்நிலையில்தான்.

வதந்திக்கு ஒரு ஏற்பாடு: மதத்துக்கு இருவர் என ஆறு பேரின் எண்கள். வாட்ஸப்பில் ஏதாவது வந்தால் அரை மணிக்குள் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துக் குரல் செய்தியாகச் சொல்ல வேண்டும். "இது பொய்" என்று சொல்வதற்காகக் கூட அந்த வீடியோவை அனுப்பக் கூடாது, பத்துப் பேர் கைக்குப் போனால் விளக்கம் கழன்று வீடியோ மட்டும் சுற்றும்.

இந்த மண்ணுக்கு இதெல்லாம் புதிதில்லை. 1982-ல் குமரி மாவட்டம் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தின்போது அமைதிப் பணிக்கு அங்கே போனவர் குன்றக்குடி மடத்தின் தலைவர் குன்றக்குடி அடிகளார். திருமயம் பக்கம் காட்டுபாவா பள்ளிவாசலுக்கு இந்துக்களும் போய்த்தான் வருகிறார்கள்.

நோட்டில் இப்போதே எழுத வேண்டிய ஒன்று: 2028-ல் ரமலான் ஜனவரிக் கடைசியில் தொடங்கும், பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின். தைப்பூசம் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில், நோன்புக்குள்ளேயே. நகரத்தார் பழனி பாதயாத்திரை குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போகும். எந்தப் பள்ளிவாசல் வாசலில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வைப்பது என்று அதற்கு முந்தைய ஐப்பசியிலேயே பேசிவிடுங்கள்.